யாருக்கு, எதற்கு, எப்போது: ஜாபிக்ஸில் எச்சரிக்கை அறிவிப்புகளை ஆள்வாரியாகப் பிரித்து அமைத்தல்

நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் எல்லாச் சர்வர்களின் எச்சரிக்கைகளும் ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு வந்துகொண்டிருந்தன. அந்தப் பெட்டியை ஆறு பேர் பார்த்தோம். அதாவது, ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. மறுநாள் காலையில் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்த பிறகே எங்களுக்கு அது தெரிந்தது. எச்சரிக்கை வராமல் இல்லை. இரவு 11:40-க்கே வந்திருந்தது. பேக்கப் முடிந்தது, சிபியு சற்று ஏறியது, சிபியு இறங்கியது என்ற அஞ்சல்களின் நடுவே அதுவும் ஒன்றாகக் கிடந்தது.

அதன் பிறகு அறிவிப்புகளை ஆளுக்கு ஏற்பப் பிரித்து அமைத்தோம். அந்த வேலையைச் செய்யும் முறையையே இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது, சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கண்காணித்து எச்சரிக்கும் ஜாபிக்ஸ் மென்பொருள். லாட்வியாவின் அலெக்ஸெய் விளாடிஷெவ் உருவாக்கி, 2001-இல் பொதுவெளிக்கு வந்த இந்தத் திறமூல மென்பொருளில், அறிவிப்பைப் பிரிப்பதற்கான எல்லாக் கருவிகளும் உலாவித் திரையிலேயே இருக்கின்றன. இங்கே சொல்லும் மெனுப் பெயர்கள் 7.0 பதிப்பைச் சேர்ந்தவை. 6.4-க்கு முந்தைய பதிப்புகளில் இதே பக்கங்கள் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’, ‘கான்ஃபிகரேஷன்’ என்ற தலைப்புகளின் கீழ் இருக்கும்.

திரையைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்

முதலில் ஆட்களை எழுதுங்கள்: சர்வர் நிர்வாகி, டேட்டாபேஸ் நிர்வாகி, நெட்வொர்க் பொறியாளர், இரவுப் பணியில் இருப்பவர், மேலாளர். ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் எந்தச் சர்வர்கள் அவர் பொறுப்பு, எவ்வளவு கடுமையான சிக்கல் என்றால் அவரைக் கூப்பிட வேண்டும், எந்த நேரத்தில் எந்த வழியாகக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். ஜாபிக்ஸில் சிக்கலின் கடுமைக்கு ஆறு படிகள் உண்டு: நாட் கிளாசிஃபைட், இன்ஃபர்மேஷன், வார்னிங், ஆவரேஜ், ஹை, டிசாஸ்டர். இவற்றுள் எதற்காக ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பலாம் என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் அனுபவத்தில் இரவில் எழுப்பத் தகுந்தவை ஹை, டிசாஸ்டர் இரண்டுமே. எழுந்தவர் அந்த நேரத்தில் செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எச்சரிக்கை காலை வரை காத்திருக்கலாம்.

அடுத்து, ஓர் எச்சரிக்கை ஒருவரின் கைபேசியை அடைவதற்கு மூன்று இடங்களில் வழி திறந்திருக்க வேண்டும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். சிக்கல் ஏற்பட்ட சர்வரைப் பார்க்க அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். அவருடைய சொந்த மீடியா அமைப்பில், அதாவது எந்த வழியாகச் செய்தி வர வேண்டும் என்ற பட்டியலில், அந்த நேரமும் அந்தக் கடுமையும் இடம்பெற்றிருக்க வேண்டும். ‘ஆக்‌ஷன்’ எனப்படும் விதி அவரைப் பெறுநராகக் குறித்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று மூடியிருந்தாலும் செய்தி போகாது. பெரும்பாலான குழப்பங்கள் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு முதல் இரண்டை மறந்துவிடுவதால் வருகின்றன.

குழுக்களும் பார்வை அனுமதியும்

சர்வர்களை ‘டேட்டா கலெக்‌ஷன்’ மெனுவின் கீழுள்ள ‘ஹோஸ்ட் குரூப்ஸ்’ பக்கத்தில் பொறுப்பின்படி பிரியுங்கள்: டேட்டாபேஸ் சர்வர்கள் ஒரு குழு, வெப் சர்வர்கள் ஒரு குழு, சுவிட்சுகளும் ரவுட்டர்களும் ஒரு குழு. ஹோஸ்ட் என்பது கண்காணிக்கப்படும் ஒரு சர்வர் அல்லது கருவி; அது ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் இருக்கலாம். பிறகு ‘யூசர்ஸ்’ மெனுவின் கீழுள்ள ‘யூசர் குரூப்ஸ்’ பக்கத்தில் ஆட்களுக்கான குழுக்களை உருவாக்கி, ஒவ்வொரு குழுவின் ‘ஹோஸ்ட் பர்மிஷன்ஸ்’ தாவலிலும் உரிய ஹோஸ்ட் குழுவுக்குக் குறைந்தபட்சம் ‘ரீட்’ அனுமதி கொடுங்கள். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒன்றில் ‘ரீட்’ என்றும் மற்றொன்றில் ‘டினை’ என்றும் இருந்தால், ‘டினை’ என்பதே செல்லும்.

இந்த அனுமதி திரையைப் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. ரீட் அனுமதி இல்லாத ஹோஸ்டின் சிக்கல் குறித்து அந்த நபருக்கு அறிவிப்பும் அனுப்பப்படாது. ‘சூப்பர் அட்மின்’ வகையைச் சேர்ந்தவர்களுக்கு எல்லா ஹோஸ்டுகளும் தெரியும் என்பதால், நிர்வாகி தன் கணக்கில் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக நடக்கும். மற்றவருக்கு மட்டும் வராது. எனவே சோதனையை எப்போதும் சாதாரணக் கணக்கில் செய்ய வேண்டும்.

நிறுவும்போதே வருகிற பொது நிர்வாகக் கணக்கில் ஐந்து பேரின் முகவரிகளைச் சேர்த்து வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதை விட்டுவிட்டு ஆளுக்கொரு கணக்கு உருவாக்குங்கள். திரைக்குள் வரவே தேவையில்லாத, அறிவிப்பு மட்டும் பெற வேண்டிய ஒருவர் இருந்தால், அவருடைய குழுவில் ‘ஃப்ரண்ட்எண்ட் ஆக்சஸ்’ என்ற இடத்தில் ‘டிசேபிள்டு’ என்று வைக்கலாம். அவரால் உள்நுழைய முடியாது, ஆனால் செய்தி போகும். குழுவையே முடக்கிவிட்டால் செய்தியும் நின்றுவிடும். இரண்டும் வேறு வேறு.

அனுப்பும் வழிகள்

‘அலர்ட்ஸ்’ மெனுவில் ‘மீடியா டைப்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் மின்னஞ்சல், எஸ்எம்எஸ், டெலிகிராம், ஸ்லாக் எனப் பல வழிகள் முன்கூட்டியே பட்டியலில் இருக்கும். பட்டியலில் இருப்பதாலேயே அவை இயங்கும் என்று பொருளில்லை. பயன்படுத்தப் போவதைத் திறந்து, விவரங்களை நிரப்பி, ‘எனேபிள்டு’ நிலைக்கு மாற்ற வேண்டும்.

மின்னஞ்சலுக்கு எஸ்எம்டிபி சர்வர் (அஞ்சலை அனுப்பும் சர்வர்), போர்ட், குறியாக்க முறை, அனுப்புநர் முகவரி ஆகியவை போதும். ஜிமெயில் வழியாக அனுப்புவதாக இருந்தால் கணக்கின் வழக்கமான கடவுச்சொல் ஏற்கப்படாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு கிடைக்கும் ‘ஆப் பாஸ்வேர்ட்’ தேவை.

டெலிகிராமுக்கு ‘பாட்ஃபாதர்’ என்ற பாட்டிடம் (பாட் என்பது நிரலால் இயங்கும் தானியங்கிக் கணக்கு) புதிய பாட் ஒன்றைப் பதிவு செய்து, அது தரும் டோக்கன் என்ற ரகசியக் குறியீட்டை மீடியா டைப்பில் இட வேண்டும். இங்கே மூன்று இடங்களில் தடுக்கி விழலாம். தனிநபருக்கு அனுப்ப வேண்டுமானால், அவர் முதலில் அந்தப் பாட்டுக்குத் தாமே ஒரு செய்தி அனுப்பியிருக்க வேண்டும். பாட் தானாக யாரிடமும் பேச்சைத் தொடங்க இயலாது. குழுவுக்கு அனுப்ப வேண்டுமானால், பாட்டைக் குழுவில் சேர்த்து, குழுவின் எண்ணைக் கழித்தல் குறியுடன் சேர்த்தே எழுத வேண்டும்; அந்தக் குறியை விட்டுவிட்டு அரை மணி நேரம் தேடியவர்களில் நானும் ஒருவன். மூன்றாவதாக, சாதாரணக் குழு பின்னாளில் ‘சூப்பர்குரூப்’ ஆக மாறினால் அதன் எண் மாறிவிடும். நேற்று வரை வந்துகொண்டிருந்த செய்தி இன்று வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

எஸ்எம்எஸ் என்று பட்டியலில் இருப்பது, சர்வரோடு நேரடியாக இணைக்கப்பட்ட ஜிஎஸ்எம் மோடம் வழியாகச் செல்வது. குறுஞ்செய்தி நிறுவனம் ஒன்றின் கேட்வே வழியாக அனுப்ப வேண்டுமானால் வெப்ஹுக் (இணைய முகவரி ஒன்றுக்குச் செய்தியை அனுப்பும் சிறு நிரல்) அல்லது ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, நிறுவனங்கள் இவ்வாறு அனுப்பும் செய்திகளின் அனுப்புநர் பெயரும் செய்தி வார்ப்புருவும் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். ஜாபிக்ஸ் உருவாக்கும் செய்தியோ ஒவ்வொரு முறையும் வேறு வடிவத்தில் இருக்கும். ஆகவே, சர்வரின் பெயர், சிக்கலின் பெயர், நேரம் ஆகிய மூன்று வெற்றிடங்கள் மட்டும் கொண்ட ஒரு வார்ப்புருவைப் பதிவு செய்து, அதற்குள் அடங்கும்படி செய்தியைச் சுருக்கிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒவ்வொரு மீடியா டைப்புக்கும் ‘மெசேஜ் டெம்ப்ளேட்ஸ்’ என்ற தாவல் உண்டு. சிக்கல், சிக்கல் தீர்ந்தது, சிக்கலில் புதுத் தகவல் என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே தனித்தனி வாசகம் இருக்க வேண்டும். இல்லையென்றால், ஆக்‌ஷனில் தனி வாசகம் எழுதாதவரை, அந்த வகைச் செய்தி போகாது. வாசகத்தை எழுதும்போது கைபேசியின் பூட்டுத் திரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தெரிவது முதல் சில சொற்கள்தாம். ஆகையால், கடுமை, ஹோஸ்டின் பெயர், சிக்கலின் பெயர் ஆகியவற்றுக்கான மேக்ரோக்களை (அனுப்பும்போது உண்மை விவரமாக மாறும் குறியீடுகளை) இந்த வரிசையில் தலைப்பு வரியிலேயே இடுவது என் வழக்கம். இரவில் கண் விழித்துப் பார்ப்பவருக்கு, “டிசாஸ்டர் | டேட்டாபேஸ் 2 | டிஸ்கில் 3% இடமே மீதம்” என்ற ஒரு வரி, எந்தக் கணினியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். மற்ற விவரங்கள் கீழே இருக்கட்டும்.

ஆளுக்கு ஏற்ற மீடியா

இப்போது ‘யூசர்ஸ்’ பக்கத்தில் ஒவ்வொருவரின் கணக்கையும் திறந்து, ‘மீடியா’ தாவலில் வரிகளைச் சேர்க்க வேண்டும். ஒரே ஆளுக்குப் பல வரிகள் இருக்கலாம் என்பதுதான் இங்குள்ள வசதி. டேட்டாபேஸ் நிர்வாகிக்கு நான் அமைத்தது இவ்வாறு: மின்னஞ்சலுக்கு ஒரு வரி, வார்னிங் முதல் டிசாஸ்டர் வரை எல்லாம், எல்லா நேரமும்; டெலிகிராமுக்கு ஒரு வரி, ஆவரேஜும் அதற்கு மேற்பட்டவையும், அலுவலக நேரத்தில் மட்டும்; எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு வரி, ஹை, டிசாஸ்டர் மட்டும், எல்லா நேரமும். மேலாளருக்கு ஒரே வரி போதுமானதாக இருந்தது: டிசாஸ்டர், மின்னஞ்சல்.

நேரத்தைக் குறிக்கும் ‘வென் ஆக்டிவ்’ என்ற இடத்தில் முதலில் 1-7,00:00-24:00 என்று இருக்கும். 1 என்பது திங்கள், 7 என்பது ஞாயிறு. வார நாள்களில் அலுவலக நேரம் மட்டும் என்றால் 1-5,09:00-18:00 என்று எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளை அரைப்புள்ளியால் பிரிக்கலாம். நள்ளிரவைத் தாண்டும் பணிநேரத்தை ஒரே பகுதியாக எழுத முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடியும் பணியை 1-5,22:00-24:00;2-6,00:00-06:00 என்று இரண்டாக உடைத்து எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் நாள் எண் ஒன்று கூடியிருப்பதைக் கவனியுங்கள். வெள்ளி இரவுப் பணி சனிக்கிழமை விடியலில்தான் முடிகிறது.

இந்த நேரம் அந்தப் பயனரின் நேர மண்டலத்தைப் பொறுத்தது. பயனருக்குத் தனியாக எதுவும் குறிக்காவிட்டால் அமைப்பின் பொது நேரமே எடுத்துக்கொள்ளப்படும். எங்கள் சர்வர் யுடிசி நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தோழிக்கு 09:00 முதல் 18:00 வரை என்று எழுதி வைத்தேன். அவருக்குக் காலை முழுவதும் எதுவும் வரவில்லை. பிற்பகல் 2:30-க்குத் தொடங்கி இரவு 11:30 வரை வந்தது. “அண்ணா, என்னை நைட் ஷிஃப்டுக்கு மாத்திட்டீங்களா?” என்று அவர் கேட்ட பிறகே ஐந்தரை மணி நேர வேறுபாடு எனக்கு உறைத்தது. கணக்கின் ‘டைம் ஜோன்’ பகுதியில் உரிய மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் சரியாகிவிட்டது.

ஆக்‌ஷன்: விதியை எழுதுதல்

‘அலர்ட்ஸ்’ மெனுவில் ‘ஆக்‌ஷன்ஸ்’, அதற்குள் ‘டிரிக்கர் ஆக்‌ஷன்ஸ்’ என்ற பக்கத்திற்குச் சென்றால், நிர்வாகிகளுக்கு எல்லாச் சிக்கல்களையும் தெரிவிக்கும் ஆயத்த விதி ஒன்று முடக்கப்பட்ட நிலையில் இருக்கும். அதை இயக்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பதால்தான் நான் தொடக்கத்தில் சொன்ன ஆறு பேர் பார்க்கும் பெட்டி உருவாகிறது. அதை முடக்கியபடியே விட்டு, பொறுப்புக்கு ஒன்றாகப் புது விதிகளை உருவாக்குங்கள்.

டேட்டாபேஸ் குழுவுக்கான விதியில் இரண்டு நிபந்தனைகள் போதும்: ஹோஸ்ட் குழு டேட்டாபேஸ் சர்வர்களாக இருக்க வேண்டும், கடுமை வார்னிங் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ‘அண்ட்/ஆர்’ என்ற கணக்கீட்டு முறையில், ஒரே வகை நிபந்தனைகள் இரண்டு இருந்தால் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும். வெவ்வேறு வகை நிபந்தனைகள் அனைத்தும் பொருந்த வேண்டும். ஒரே சிக்கல் இரண்டு விதிகளுக்குப் பொருந்தினால் இரண்டிலிருந்தும் செய்தி போகும். ஒருவருக்கு ஒரே செய்தி இருமுறை வருகிறது என்றால், விதிகளின் எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கின்றன என்று பொருள்.

பெறுநராகத் தனிநபரைக் குறிக்காமல் யூசர் குழுவைக் குறிப்பது நல்லது. ஆள் மாறினாலும் விதியில் கை வைக்க வேண்டியிருக்காது.

இனி படிநிலைகள். எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. ‘ஆபரேஷன்ஸ்’ தாவலில் ஒரு படியின் கால அளவு இயல்பாக 1 மணி நேரம் என்று இருக்கும். குறைந்தது 60 விநாடி வரை குறைக்கலாம். அதை 10 நிமிடமாக மாற்றுங்கள். இப்போது முதல் படி சிக்கல் தோன்றிய உடனேயும், இரண்டாம் படி 10-ஆம் நிமிடத்திலும், மூன்றாம் படி 20-ஆம் நிமிடத்திலும், ஐந்தாம் படி 40-ஆம் நிமிடத்திலும் நடக்கும். பணியில் இருப்பவருக்கு 1 முதல் 3 வரையிலான படிகளில் செய்தி, குழுத் தலைவருக்கு 3-ஆம் படியில், மேலாளருக்கு 5-ஆம் படியில் என்று வைத்தால், 15 நிமிடத்தில் தீர்ந்துவிட்ட சிக்கல் தலைவரையும் மேலாளரையும் எட்டாது. புதிதாகச் சேர்க்கும் ஆபரேஷனில் படி 1 முதல் 1 வரை என்றுதான் இருக்கும். அதாவது ஒரே ஒரு செய்தி. முடிவுப் படியை 0 என்று வைத்தால் சிக்கல் தீரும்வரை செய்தி வந்துகொண்டே இருக்கும். டிசாஸ்டர் வகைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவேன். மற்றவற்றுக்கு வைத்தால் இரண்டே நாளில் பெறுநர் அந்த எண்ணை மௌனத்தில் போட்டுவிடுவார்.

மேல்படிகளில் ‘சிக்கலை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் மட்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்க்க மறக்காதீர்கள். பணியில் இருப்பவர் திரையில் சிக்கலைத் திறந்து ‘அக்னாலெட்ஜ்’ என்று குறித்துவிட்டால், தலைவருக்குப் போகவிருந்த செய்தி நின்றுவிடும். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு மேலே இருப்பவரை எழுப்புவது இருவருக்கும் எரிச்சலையே தரும்.

கண நேரம் ஏறி இறங்கும் சிக்கல்களுக்கு முதல் படியையே காலியாக விட்டு, இரண்டாம் படியிலிருந்து செய்தியைத் தொடங்கலாம். அதைவிட, எந்த அளவு தாண்டினால் சிக்கல் என்று சொல்லும் ‘டிரிக்கர்’ வரையறையையே திருத்துவது நல்லது, ஆனால் அது தனி வேலை.

‘ரெகவரி ஆபரேஷன்ஸ்’ பகுதியில் ‘நோட்டிஃபை ஆல் இன்வால்வ்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிக்கல் குறித்துச் செய்தி பெற்றவர்களுக்கு மட்டும், அது தீர்ந்தது என்ற செய்தியும் போகும். இந்தப் பகுதியைக் காலியாக விட்டால் தீர்ந்த செய்தி யாருக்கும் போகாது; எழுந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தே இருப்பார். பராமரிப்பு நேரத்தில் செய்தி போகாமல் இருக்க, அடக்கப்பட்ட சிக்கல்களுக்கு ஆபரேஷனை நிறுத்திவைக்கும் பெட்டி குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுவிட்ச் நின்றால் அதன் பின்னுள்ள இருபது சர்வர்களும் தனித்தனியே கத்தாமல் இருக்க, டிரிக்கர்களில் ‘டிபெண்டன்சி’ அமைத்துவிட வேண்டும்.

சோதனையும் தேடலும்

மீடியா டைப்ஸ் பக்கத்தில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தான் செய்தி வெளியே போகிறதா என்பதை மட்டுமே காட்டும். அனுமதியையும் நேரத்தையும் விதியையும் அது தொடாது. முழுவதையும் சோதிக்க, ஒரு போலி ஹோஸ்டை உருவாக்கி உண்மையான டேட்டாபேஸ் ஹோஸ்ட் குழுவிலேயே சேர்த்துவிடுங்கள். அதில், வெளியிலிருந்து அனுப்பும் மதிப்பை ஏற்கும் ‘ஜாபிக்ஸ் ட்ராப்பர்’ வகை ஐட்டம் ஒன்றை வைத்து, மதிப்பு 2 என்றால் வார்னிங், 4 என்றால் ஹை, 5 என்றால் டிசாஸ்டர் என்று மூன்று டிரிக்கர்களை எழுதுங்கள். பிறகு ‘ஜாபிக்ஸ் சென்டர்’ கருவி மூலம் அந்த எண்களை ஒவ்வொன்றாக அனுப்பி, யாருடைய கைபேசி ஒலிக்கிறது என்று தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0 அனுப்பினால் சிக்கல் தீர்ந்துவிடும். இதைப் பகலில், எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

செய்தி வரவில்லை என்றால் ‘ரிப்போர்ட்ஸ்’ மெனுவில் ‘ஆக்‌ஷன் லாக்’ பக்கத்தைத் திறக்க வேண்டும். ‘ஃபெயில்டு’ என்று இருந்தால் பக்கத்திலேயே காரணம் இருக்கும்: கடவுச்சொல் தவறு, குழு எண் தவறு, பயனருக்கு மீடியாவே இல்லை என்பன போல. ‘சென்ட்’ என்று இருந்தும் கிடைக்கவில்லை என்றால் தவறு ஜாபிக்ஸுக்கு வெளியே, ஸ்பேம் பெட்டி போன்ற இடத்தில் இருக்கிறது. அந்த நபரின் பெயரில் ஒரு வரிகூட இல்லை என்றால், விதி பொருந்தவில்லை, ரீட் அனுமதி இல்லை, அல்லது அவருடைய மீடியாவில் அந்த நேரமோ கடுமையோ இடம்பெறவில்லை. நான் முதலில் பார்ப்பது அனுமதியைத்தான்.

ஜாபிக்ஸின் சொந்த டேட்டாபேஸே நின்றுவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதற்கும் ஓர் இடம் உண்டு. ‘அட்மினிஸ்ட்ரேஷன்’, ‘ஜெனரல்’, ‘அதர்’ என்று சென்றால் அதற்கான யூசர் குழுவைக் குறிக்கலாம். ஆனால் ஜாபிக்ஸ் இருக்கும் இயந்திரமே அணைந்துவிட்டால் அதுவும் பேசாது. வேறோர் இடத்தில் உள்ள சிறிய கணினி ஒன்று இந்தச் சர்வரை மட்டும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாரம் ஒருவர் என்று மாறிமாறி இரவுப் பொறுப்பு ஏற்கும் முறை உங்களிடம் இருந்தால், அதற்கான சுழற்சி அட்டவணை ஜாபிக்ஸுக்குள் கிடையாது. நாங்கள் ‘இந்த வாரக் காவல்’ என்று ஒரு யூசர் குழுவை உருவாக்கி, அதற்கு எல்லா ஹோஸ்ட் குழுக்களுக்கும் ரீட் அனுமதி கொடுத்து, விதிகளில் அதையே முதல் படியின் பெறுநராக வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் பொறுப்பை ஒப்படைப்பவர் புதியவரைக் குழுவில் சேர்த்து, போலி ஹோஸ்டுக்கு 5 அனுப்பி, அவர் கைபேசி ஒலித்த பிறகே தம் பெயரை நீக்கிக்கொள்கிறார்.